தங்கப் பிடியா, இரும்பு அலகா: பாரசீகக் குத்துவாளைச் சரிசெய்த ஒரு மீள்நிகழ்த்தல் குழு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது பிரிட்டனில் உள்ள ஒரு வரலாற்று மீள்நிகழ்த்தல் குழுவைப் பற்றிய பதிவு. பண்டைக் கிரேக்கக் காலாட்படையை நடித்துக் காட்டுவதில் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள். வட்டக் கேடயம், நீண்ட ஈட்டி, வெண்கலத் தலைக்கவசம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் எதிரில் நிற்க ஆளில்லை. கி.மு. 479இல் கிரேக்கர்களுக்கும் பாரசீகர்களுக்கும் நடந்த பிளாட்டியாப் போரைக் காட்டப் போவதாக அறிவித்துவிட்டு, கிரேக்கர்கள் மட்டும் வெட்டவெளியைப் பார்த்து ஈட்டியை நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்க வருபவர்களுக்கு என்ன விளங்கும்? அதனால் ஆறு பேர் பாரசீகப் பக்கம் மாற முன்வந்தார்கள்.

நிகழ்ச்சி அடுத்த கோடையில், ஓர் அருங்காட்சியகத்தின் புல்வெளியில். அந்த அருங்காட்சியகம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: களத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அது எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று ஒரு வரியாவது எழுதித் தர வேண்டும். உடைகளை ஆறு பேரும் தாங்களே தைத்துக்கொண்டார்கள். குத்துவாளை மட்டும் அவரவர் விருப்பப்படி இணையக் கடைகளில் வாங்கினார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பொருள்களைச் சரிபார்த்து அந்த ஒரு வரியை எழுதித் தரும் வேலைக்காக நான் உடனிருந்தேன்.

முதல் சரிபார்ப்பில் கண்டது

ஆறு குத்துவாள்கள் மேசைக்கு வந்தன. ஆறும் 'பாரசீகக் குத்துவாள்' என்ற பெயரிலேயே விற்கப்பட்டவை. எதையுமே கி.மு. 479க்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்று பேஷ்கப்ஸ் வகை. முதுகு தடித்து, முனை ஊசிபோலக் கூர்ந்து, வளையக் கவசத்தைத் துளைக்கவென்று அமைந்தது. ஈரானில் புழங்கிய ஆயுதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கி.பி. 16ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆளத் தொடங்கிய சபாவியர் காலத்துக்கும் அதற்குப் பிறகான காலத்துக்கும் உரியது. கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகள் பிந்தியது.

இரண்டு, லூரிஸ்தான் வகை வெண்கலக் குத்துவாளின் நகல்கள். அலகும் பிடியும் ஒரே வார்ப்பு; பிடியின் ஓரங்களில் மரமோ எலும்போ பதிக்க விளிம்பு எழுப்பியிருந்தார்கள். மேற்கு ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியிலிருந்து இவை 1920களின் கடைசியில் பழம்பொருள் சந்தையில் வந்து குவிந்தன. பெரும்பாலும் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தவை. பெல்ஜிய ஆய்வாளர் லூயி வாண்டன் பெர்க் 1960களிலும் 70களிலும் அங்கே முறையாகக் கல்லறைகளை அகழ்ந்த பிறகுதான் கால வரிசை ஓரளவு தெளிந்தது. இந்த வகைகள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் பிற்பகுதியையும் முதல் ஆயிரத்தின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. பிளாட்டியாப் போரின்போது பாரசீகத்தை ஆண்ட செர்க்செஸ் மன்னரின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பாரசீகப் பேரரசே அப்போது இல்லை.

மீதி மூன்றும் தங்க முலாம் பூசியவை. பிடியின் தலையில் இரண்டு சிங்க முகங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள தங்கக் குறுவாளின் நகல். மூவரும் இதைத்தான் மிகுந்த நம்பிக்கையோடு கொண்டு வந்தார்கள். அருங்காட்சியகப் பொருளின் நகல் எப்படித் தவறாகும் என்பது அவர்கள் வாதம்.

சான்றுகளைப் பிரித்துப் பார்த்தது

புதிதாக எதை வாங்குவது என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, அகாமனிசியர், அதாவது செர்க்செஸின் அரச மரபினர், காலக் குத்துவாளுக்கு என்னென்ன சான்று இருக்கிறது என்று முதலில் பார்த்தோம்.

மிகத் தெளிவான சான்று, தென்மேற்கு ஈரானில் அவர்களுடைய அரண்மனை நகரமான பெர்செபோலிஸின் புடைப்புச் சிற்பங்கள். 1931 முதல் 1939 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அங்கே அகழாய்வு செய்தது. முதலில் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்டும் பிறகு எரிக் ஷ்மித்தும் தலைமை தாங்கினார்கள். அபதானா மண்டபப் படிக்கட்டுச் சிற்பங்களைக் கவனித்துப் பார்த்தால் குத்துவாள் அணிவதில் இரண்டு முறைகள் தெரிகின்றன. நீண்ட மடிப்பு அங்கி அணிந்தவர்கள் குத்துவாளை இடைக்கச்சையின் முன்புறம் செருகியிருக்கிறார்கள். முழங்கால் வரையிலான சட்டையும் காற்சட்டையும் அணிந்தவர்களுக்கு அது வலது இடுப்பிலிருந்து தொங்குகிறது. கிரேக்கர்கள் அக்கினாக்கேஸ் என்று குறிப்பிடும் ஆயுதம் இந்த இரண்டாவது வகை. உறையின் வாய் அகன்று ஒரு பக்கம் காது போல நீண்டிருக்கும். அந்தக் காதில் வார் கோத்து இடுப்பில் மாட்டியிருக்கும். உறையின் கீழ்முனையை இன்னொரு கயிறு தொடையோடு சேர்த்துக் கட்டியிருக்கும். கருவூலக் கட்டடத்தில் 1936இல் கிடைத்த பெரிய சிற்பத்தில், அரசனுக்குப் பின்னால் நிற்கும் ஆயுதக்காரனின் உறையில் இந்த அமைப்பு அத்தனையும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

நீள அங்கிக்கு இன்னொரு சான்றும் உண்டு. பேரரசின் இன்னொரு தலைநகரான சூசாவில் 1972இல் கிடைத்த, தலையில்லாத டேரியஸ் மன்னர் சிலையிலும் குத்துவாள் கச்சையில் செருகித்தான் இருக்கிறது.

அடுத்தது எழுத்து. செர்க்செஸின் படையை விவரிக்கும் தன் நூலின் ஏழாம் புத்தகத்தில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாரசீகக் காலாளை அடுக்கிச் சொல்கிறார்: மென்மையான கம்பளித் தொப்பி, பல வண்ணக் கைச்சட்டை, காற்சட்டை, பிரம்புக் கேடயம், குட்டை ஈட்டி, பெரிய வில், நாணல் அம்பு, அப்புறம் இடைவாரிலிருந்து வலது தொடையோரம் தொங்கும் குத்துவாள். சிற்பத்தில் காற்சட்டைக்காரர் தோற்றம் எப்படியோ அப்படியே. போர்க்களத்துக்கு எந்த உடை, எந்தத் தொங்கல் என்ற கேள்வி இதோடு தீர்ந்தது. இரண்டு தனித்தனிச் சான்றுகள் இப்படி ஒத்துப்போவது பண்டை வரலாற்றில் அடிக்கடி கிடைக்கும் அதிர்ஷ்டம் அல்ல.

மூன்றாவதாக உண்மையான ஆயுதங்கள். பெர்செபோலிஸில் அம்பு முனைகள் ஏராளமாகக் கிடைத்தன, குத்துவாள்கள் அரிது. கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை கொள்ளையடித்த இடத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் இன்றைய துருக்கி-சிரியா எல்லையில் உள்ள கார்கெமிஷ் பக்கம் தேவே ஹுயுக் என்ற இடத்தில், கி.மு. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய கல்லறைகளில் இரும்புக் குறுவாள்களும் ஈட்டி முனைகளும் குதிரைக் கடிவாளங்களும் கிடைத்தன. பேரரசின் சேவையில் இருந்த படைவீரர்களின் கல்லறைகளாக இவை கருதப்படுகின்றன. இங்கும் ஒரு குறை: 1913இல் ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்ததை ஆய்வாளர்கள் விலைக்கு வாங்கினார்கள். எது எந்தக் கல்லறையில் இருந்தது என்பது பல பொருள்களுக்குக் கலங்கிப் போயிருக்கிறது. இருந்தாலும் சாதாரண வீரன் கையில் இருந்தது இரும்பு என்பதில் ஐயமில்லை. வடக்கே யூரேசியப் புல்வெளி நாடோடிகளின் மேட்டுக் கல்லறைகளிலும் இதே குடும்பத்து இரும்புக் குறுவாள்கள் நிறையவே வந்திருக்கின்றன. அல்தாய் மலைக் கல்லறைகளில் இரும்புக்குப் பதிலாக மரத்தால் செய்த மாதிரிக் குத்துவாள்களும் உறைகளும் வைத்திருக்கிறார்கள். உறையின் வடிவத்தை மரத்தில் எப்படிச் செதுக்கலாம் என்பதற்கு அவை உதவின.

தங்கத்தைப் பற்றிய விவாதம்

நீண்ட நேரம் எடுத்தது இதுதான்.

மெட்ரோபாலிட்டன் குறுவாள் அகழாய்வில் கிடைத்தது அல்ல. 1954இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மேற்கு ஈரானின் ஹமதான் நகரில் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். அதே அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் வைட் மஸ்கரெல்லா, 'ஹமதான்' என்ற முகவரியை வணிகர்கள் எவ்வளவு தாராளமாக ஒட்டினார்கள் என்று பல ஆண்டுகள் விடாமல் எழுதியவர். ஒரு பொருள் போலி என்று சொல்வது வேறு. அது மண்ணிலிருந்து வெளிவந்ததை எந்த ஆய்வாளரும் பார்க்கவில்லை என்பது வேறு. அந்தக் குறுவாளைப் போலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலாள் வீரனின் இடுப்பில் எது இருந்தது என்பதற்கு அதைச் சான்றாக நிறுத்த முடியாது.

அப்போது தங்க நகல் வாங்கியவர்களில் ஒருவர் சரியான எதிர்வாதத்தை எடுத்தார். ஹெரோடோட்டஸின் ஒன்பதாம் புத்தகம்: பிளாட்டியாவில் வென்ற பிறகு, விழுந்து கிடந்த பாரசீகர்களின் உடலிலிருந்து ஸ்பார்ட்டாவின் ஹெலட் அடிமைகள் வளையல், கழுத்தணி, தங்கக் குறுவாள் எல்லாவற்றையும் கழற்றினார்கள் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் நடித்துக் காட்டப்போகும் அதே போர், அதே களம்! இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

தங்கம் களத்தில் இருந்தது, சரி. யாரிடம் இருந்தது? கிரேக்க எழுத்தாளர் செனபோன் இதற்கு நல்ல விடை தருகிறார். பாரசீக இளவரசர் இளைய சைரஸ் சிலிசிய மன்னனுக்குக் கொடுத்த பரிசுகளில் தங்கக் கடிவாளம் பூட்டிய குதிரை, கழுத்தணி, வளையல், பாரசீக அங்கி ஆகியவற்றோடு ஒரு தங்கக் குறுவாளும் இருந்தது. கி.மு. 401இல் சைரஸ் இறந்தபோது அவருடைய நம்பிக்கைக்குரிய ஆர்ட்டபடெஸிடமும் தங்கக் குறுவாள் இருந்ததாகச் சொல்கிறார். அபதானாப் படிக்கட்டில் மீடியர்களின் தூதுக்குழு அரசனுக்குக் கொண்டுவரும் பொருள்களிலும் குறுவாள் இருக்கிறது. ஆக, தங்கக் குறுவாள் பரிசும் பதவியும் சார்ந்த பொருள். கொள்ளையடித்தவர்கள் நினைவில் நின்றது தங்கம். இரும்பைப் பற்றி எழுத யாருக்கும் காரணம் இல்லை.

இந்த விவாதத்தில் வந்த ஒரு தகவலை இங்கே விட மனமில்லை. பாரசீகத் தளபதி மர்தோனியஸின் குறுவாள் என்று சொல்லி ஏதென்ஸ் மக்கள் தங்கள் கோயில் குன்றான அக்ரோபோலிஸில் ஒன்றைக் காட்டி வந்தார்கள். அது 300 டேரிக் (பாரசீகத் தங்க நாணயம்) நிறை என்கிறார் ஏதென்ஸ் பேச்சாளர் டெமொஸ்தனிஸ். இன்றைய கணக்கில் சுமார் இரண்டரை கிலோ. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசனியாஸ் ஒரு கேள்வி கேட்டார்: மர்தோனியஸ் மோதியது ஸ்பார்ட்டாக்காரர்களோடு, அவரைக் கொன்றதும் ஒரு ஸ்பார்ட்டாக்காரர், அப்படியிருக்க அவருடைய ஆயுதம் ஏதென்ஸ்காரர்கள் கைக்கு எப்படி வந்தது? மஸ்கரெல்லா கேட்டதும் இதே கேள்விதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, குத்துவாளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆளைத் தேர்ந்தெடுப்பது. நான்கு பேர் சாதாரணக் காலாட்கள், ஒருவர் படைத்தலைவர். இந்த ஐவருக்கும் காற்சட்டை உடை, வலது தொடையில் இரும்புக் குறுவாள். ஆறாமவர் மடிப்பு அங்கியை ஏற்கெனவே தைத்து முடித்திருந்தார். அதைக் களையச் சொல்லாமல், போர்க் காட்சியிலிருந்து அவரை விலக்கி, பார்வையாளர்களுக்கு அரசவை உடையை விளக்கும் கூடாரத்தில் நிற்க வைப்பது என்று முடிவானது.

இரண்டாவது, பணத்தை அலகில் போடாமல் உறையில் போடுவது. பாதுகாப்பு விதிப்படி எந்தக் காட்சியிலும் குத்துவாளை உருவி நெருங்கிச் சண்டையிடப் போவதில்லை. பார்வையாளர் கண்ணில் படுவது பிடியின் தலையும் உறையும் தொங்கலும்தான். இதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். நல்ல எஃகு அலகு வைத்திருப்பதில் ஒரு பெருமை இருக்கிறதே!

மூன்றாவது, தலைவருக்கு மட்டும் தங்கம். அதுவும் அலகில் இல்லை, உறையின் மேல் மெல்லிய தகடாக. இதற்கு முன்மாதிரி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆக்சஸ் புதையல் என்ற அகாமனிசியர் காலப் பொற்பொருள் தொகுப்பின் உறைத் தகடு. குதிரைவீரர்கள் சிங்க வேட்டையாடும் காட்சி பொறித்தது. அதுவும் அகழாய்வில் கிடைத்தது இல்லையே என்று உடனே கேட்டார்கள். உண்மைதான், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் வணிகர்கள் கைமாறி வந்த புதையல் அது. ஆனால் அது கிடைத்ததாகச் சொல்லப்படும் பகுதியிலேயே, தஜிகிஸ்தானின் தக்தி சங்கின் கோயிலில் சோவியத் ஆய்வாளர்கள் முறையாக அகழ்ந்தபோது, மானைப் பிடித்த சிங்கம் செதுக்கிய தந்த உறை ஒன்று கிடைத்தது. வடிவம் அதே குடும்பம். பெர்செபோலிஸ் ஆயுதக்காரனின் உறையோடும் ஆக்சஸ் தகடு பொருந்துகிறது. சந்தையில் வந்த பொருளை, அகழாய்வுப் பொருளோ சிற்பமோ தாங்கிப் பிடித்தால் மட்டும் பயன்படுத்துவது என்று குழு ஒரு விதி வகுத்துக்கொண்டது. சிங்கத் தலைப் பிடிக்கு அப்படித் தாங்கும் சான்றை எங்களால் காட்ட முடியவில்லை. அதனால் அது போயிற்று.

செய்முறையும் சோதனையும்

உள்ளூர்க் கொல்லர் ஒருவர் ஐந்து அலகுகளை அடித்துக் கொடுத்தார். மொத்த நீளம் 40 செ.மீ. அளவில், இரு பக்கமும் மழுங்கலான ஓரம், குறுக்குக் கட்டை போன்ற தலை. உறைகளைக் குழுவினரே செய்தார்கள்: மரத்தை இரு பாதியாகக் குடைந்து ஒட்டி, மேலே தோல். கீழ்முனையை மூட எலும்பில் செய்த குப்பி. பேரரசின் பல பகுதிகளில் எலும்பிலும் தந்தத்திலும் செய்த குப்பிகள் கிடைத்திருப்பதால் இதற்குச் சான்று இருந்தது.

தொடைக்கயிறு வெறும் அலங்காரம் என்று சிலர் நினைத்திருந்தார்கள். கயிறில்லாமல் ஓடிப் பார்த்தபோது உறை ஒவ்வோர் எட்டுக்கும் காலில் மோதியது. கட்டிய பிறகு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது. இடது பக்கம் வில்லுறை, வலது பக்கம் குறுவாள் என்ற ஏற்பாடும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. அலகு குட்டை என்பதால் வலது இடுப்பிலிருந்து வலது கையாலேயே நேராக மேலே உருவிவிடலாம்.

மண்டியிடும்போது மட்டும் தொல்லை. கேடய வரிசைக்குப் பின்னால் வில்லாளி வலது முழங்காலை ஊன்றினால் உறைமுனை தரையில் குத்தி, காது வழியாக இடைவாரை மேலே தள்ளியது. கயிற்றை முழங்காலிலிருந்து நான்கு விரல் மேலே கட்டி, தொங்கல் வாரைச் சுருக்கிய பிறகு சரியானது.

ஒரு சோதனையில், பசை போட்டு ஒட்டிய எலும்புக் குப்பி ஓடும்போதே கழன்று விழுந்தது. அலகு மழுங்கல் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஹெரோடோட்டஸைப் படித்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள்: பாரசீக மன்னர் கம்பைசஸ் குதிரையில் தாவி ஏறும்போது உறையின் முனை கழன்று, வெளியே வந்த அலகு தொடையில் பாய்ந்து, அந்தக் காயம் அழுகியே இறந்தார் என்று அவர் எழுதியிருக்கிறார். ஐந்து குப்பிகளுக்கும் அன்றே குறுக்கு ஆணி அடிக்கப்பட்டது.

நிகழ்ச்சியும் அதன் பின்னும்

நிகழ்ச்சி அசம்பாவிதம் எதுவும் இல்லாமல் நடந்தது. அருங்காட்சியகம் கேட்ட விவரத்தைக் குழு ஒரு வரியோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு பொருளின் பகுதிகளையும் பிரித்து, எது சிற்பத்திலிருந்து, எது கல்லறையிலிருந்து, எது ஊகம் என்று அட்டையில் எழுதி வைத்தது. உறைத் தோலின் சிவப்பு நிறத்துக்கு நேரே 'ஊகம்' என்றே இருந்தது. நிறத்துக்கு நல்ல சான்றான சிடோன் நகரத்து அலெக்சாந்தர் கல்பேழை ஏறத்தாழ 150 ஆண்டு பிந்தியது. அதில் பொருத்தியிருந்த உலோக ஆயுதங்களும் காணாமல் போய்விட்டன.

பாரசீகர் என்றால் தங்கம் எங்கே என்று கேட்டவர்கள் நிறைய. அவர்களுக்காகவே பழைய தங்க நகல்களில் ஒன்றை, 'அகழாய்வில் கிடைத்ததல்ல' என்ற அட்டையோடு மேசையில் வைத்திருந்தார்கள். களத்தில் நடந்த காட்சியைவிட அந்த மேசையருகில்தான் பேச்சு நீண்டது.

கூர்மையான விமர்சனம் அருங்காட்சியகக் காப்பாளரிடமிருந்து வந்தது. ஐந்து குறுவாள்களும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கின்றன என்றார். ஒரே கொல்லர், ஒரே அளவு, ஒரே வாரத்து வேலை, வேறெப்படி இருக்கும்? ஆனால் பல நாடுகளிலிருந்து திரண்டு, பல ஆண்டு புழங்கிய ஆயுதத்தோடு வந்த படை அப்படி இருந்திருக்காது. சிற்பத்தைப் பார்த்துச் செய்வதில் இந்த ஆபத்து உண்டு. பெர்செபோலிஸ் சிற்பிகள் ஒரே உருவத்தை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். 1971 அக்டோபரில் அதே பெர்செபோலிஸில் ஈரான் அரசு நடத்திய 2,500ஆம் ஆண்டு விழா அணிவகுப்பிலும் இதுதான் நடந்தது: தாடி வளர்த்த வீரர்கள் சிற்ப உடையின் நகலில் ஒரே அச்சாக நடந்து போனார்கள். அழகாகத்தான் இருந்தது. கல்லில் இருந்த ஒழுங்கு அப்படியே ஆட்களின் மேல் ஏறியிருந்தது.

இனி மாற்றப் போவது

அடுத்த முறைக்குள் இரண்டு குறுவாள்களுக்குப் பிடியும் கைக்காப்பும் மாறும். புல்வெளி நாடோடிகளின் கல்லறைகளில் காணப்படும் இதய வடிவக் காப்பு ஒன்றுக்கு வரும். உறைத் தோலில் ஒன்றைச் சாயமிடாமல் விடுகிறார்கள், இன்னொன்றைப் பழையதாக, தைத்துச் சரிசெய்த தழும்போடு செய்கிறார்கள். புதிதாகச் சேருபவர், யாராக நடிக்கிறார் என்று எழுதித் தந்த பிறகுதான் பொருள் வாங்கலாம் என்றும் விதி வந்திருக்கிறது.

மடிப்பு அங்கிக்காரரின் குத்துவாள் இன்னும் முடியவில்லை. அலகின் நீளம் என்ன என்று கொல்லர் கேட்கிறார். பெர்செபோலிஸ் வாசல்களில் அரசத் தோற்றமுள்ள வீரன் சிங்கத்தையும் கொடுவிலங்கையும் இந்த வகையால்தான் குத்துகிறான். பிடி தெளிவாகத் தெரிகிறது, அலகின் பெரும்பகுதி விலங்கின் வயிற்றுக்குள் இருக்கிறது. வீரனின் கை முட்டியை அளவாக வைத்துப் பிடியை முதலில் செய்துவிடுவது, அலகைக் கச்சையில் செருகிய உறைகளின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவது என்று தற்போதைக்கு முடிவு செய்திருக்கிறார்கள்.